டயாலிசிஸுக்கு ஒரு ரைமிங்

மாமாவின் இடது கையைத் தொட்டால் மோட்டார் ஓடுவது மாதிரி கிர்ரென்று விரலில் ஏறும். டயாலிசிஸ் ஊசி குத்துவதற்காக அங்கே இரண்டு ரத்தக் குழாய்களைச் சேர்த்து ஆபரேஷன் செய்திருந்தார்கள். அந்தத் துடிப்பு இருக்கிற வரைக்கும்தான் கை உபயோகப்படும், நின்றுவிட்டால் சிக்கல் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஒருநாள் மெஷினை மாட்டிக்கொண்டு படுத்திருந்தவர் என் விரலைப் பிடித்து அந்த இடத்தில் வைத்துக்கொண்டு, தன் சாவுக்குப் பாட வேண்டிய பாட்டை இப்போதே எழுதிவிடலாம் என்றார். சினிமாவுக்குப் போகலாமா என்று கேட்கிற குரல் அது. நான் விரலை இழுத்துக்கொண்டேன்.

மாமா என்றால் என் அக்காவின் வீட்டுக்காரர். துறைமுகத்தில் டிரெயிலர் லாரி ஓட்டியவர். லாரி ஓட்டாத நாட்களில் சாவு வீடுகளில் கானா பாடுவார். தண்டையார்பேட்டையிலிருந்து புளியந்தோப்பு வரைக்கும் அவரைத் தேடி ஆள் வரும். செத்தவர் பேர் என்ன, எந்தத் தெரு, என்ன வேலை பார்த்தார், எதில் போய்ச் சேர்ந்தார், எல்லாம் பாட்டில் வர வேண்டும். வராவிட்டால் எங்கள் பக்கத்தில் அதைப் பாட்டு என்றே ஒத்துக்கொள்ள மாட்டார்கள். துறைமுகத்து ஜனங்களின் வாழ்க்கையில் இங்கிலீஷ் வார்த்தைக்குப் பஞ்சமில்லை. அதற்கெல்லாம் ரைமிங் பிடித்துக் கொடுப்பது சரக்கு கிளியரிங் ஆபீஸில் கிளார்க்காக இருக்கிற என் வேலை. ‘கன்டெய்னர் ஓட்டுனவரு, காசிமேட்டு மைனரு’ என்று நான் கொடுத்த அடியைக் கேட்டு, தலைமாட்டில் அழுதுகொண்டிருந்த, செத்தவருடைய பெண்டாட்டியே சிரித்துவிட்டாள். அன்றைக்கு மாமா எனக்கு பீஃப் பிரியாணி வாங்கிக் கொடுத்தார்.

அவருடைய பாட்டு மளமளவென்று வந்துவிட்டது. எங்கள் ராயபுரம் வந்தது, லாரி வந்தது, அக்காவைக் கூட்டிக்கொண்டு ஓடிவந்த கதைகூட வந்தது. கடைசி அடியில் மாட்டிக்கொண்டோம். அந்த அடி டயாலிசிஸ் என்று முடிய வேண்டும், முழு வார்த்தையும் வர வேண்டும் என்று பிடிவாதம். “லாரில இருந்தது பாதி, இந்த மெஷின்ல கெடந்தது பாதி. அத்த வுட்டுட்டுப் பாடுனா பொய்யாப் பூடும் மச்சான்” என்றார். நானும் போனில் தேடிப் பார்த்தேன். கச்சிதமாகப் பொருந்துகிறவை அனாலிசிஸும் பாராலிசிஸும்தான். ஒன்று என் ஆபீஸ் வார்த்தை, மற்றது கை கால் விழுகிற வியாதி. ஒரு சீக்குக்கு இன்னொரு சீக்கைத் துணைக்கு அனுப்புகிறாயா என்று கேட்டார்.

சரி, கிட்டத்தட்ட ஒலிக்கிறதாவது பிடிப்போம் என்று கிளம்பினேன். தாவு தீர்ந்துவிட்டது. பஸ்ஸில் வாய் முணுமுணுக்கும், பக்கத்து சீட்காரர் நகர்ந்து உட்காருவார். போலீஸ் என்று கொண்டுபோனேன். சாவு வீட்டில் போலீஸ் பேரைச் சொன்னால் ஜனம் கலைந்துவிடும் என்றார். ரிலீஸ் என்றேன். அதெல்லாம் புழல் ஜெயிலிலிருந்து வருகிறவனுக்கு என்றார். நோட்டீஸ் என்றேன், முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஒரு வழியாக ‘லாரிக்குப் பார்த்தான் சர்வீஸ், அவனுக்குப் பார்த்தாங்க டயாலிசிஸ்’ என்று ஒன்று அமைந்தது. நர்ஸம்மாகூடச் சிரித்தார். மாமா இரண்டு தரம் வாய்க்குள் பாடிப் பார்த்தார். பிறகு, “நல்லாத்தான் கீது. வேணாம், வேற பாரு” என்றார்.

எனக்கு வந்ததே கோபம். ஆபீஸ், வீடு, ஆஸ்பத்திரி என்று நாய் மாதிரி அலைகிறேன், இவருக்கு ரசனை கேட்கிறதா என்று கத்திவிட்டேன். அவர் என்னைப் பார்க்காமல் மெஷினில் சுற்றுகிற ரத்தத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். “அடி கெடச்சா பாட்டு முடிஞ்சிடும் மச்சான். முடிஞ்சப்புறம் நான் இன்னாத்துக்கு வெய்ட் பண்றது?” என்றார்.

அன்றிலிருந்து நான் வேண்டுமென்றே உருப்படாததாகக் கொண்டுபோனேன். பிஸ்கெட் பீஸ், மார்க்கெட் பீஸ், வாய்க்கு வந்ததெல்லாம். அவர் சிரிப்பார், கலீஜாக இருக்கிறது என்று திட்டுவார், வேற பாரு என்பார். நல்லதாக ஏதாவது மனசில் வந்தால் தலையை உதறி விரட்டுவேன். படித்தவன்தான் நான், ஆனால் இந்த மனுஷனைப் பிடித்து வைத்திருப்பது அந்த ஒரு வார்த்தைதான் என்று மனதார நம்பினேன். நம்பாமல் வேறு எதைப் பிடித்துக்கொள்வது?

ஒருநாள் காலையில் அக்கா போன் பண்ணினாள். கையில் துடிப்பு நின்றுவிட்டது. கழுத்தில் குழாய் போட்டார்கள், அதில் கிருமி ஏறி காய்ச்சல் வந்தது. நான் போனபோது உதடு வெடித்து, கண் பாதி மூடிக் கிடந்தார். என்னை அடையாளம் தெரிந்தது. “மச்சான், நல்லதா ஒண்ணு சொல்லு. முடிச்சிடலாம்” என்றார். ஐயோ, எனக்கு ஒன்றுமே வரவில்லை. அத்தனை நாள் விரட்டி விரட்டி அடித்ததில் என் தலைக்குள் குப்பைதான் மிஞ்சியிருந்தது. சர்வீஸையே மறுபடி சொன்னேன். அவர் தலையை மெல்ல ஆட்டினார். வேண்டும் என்றா, வேண்டாம் என்றா, எனக்குப் புரியவில்லை. வராந்தாவில் ஒட்டியிருந்த போஸ்டர், மருந்துச் சீட்டு, கதவில் எழுதியிருந்த பேர்கள், எல்லாவற்றையும் பைத்தியக்காரன் மாதிரி படித்துக்கொண்டு நடந்தேன். திரும்பி வந்தபோது அக்கா அவர் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் மத்தியானம் அவரோடு பாடுகிறவர்கள் எங்கள் சாவு வீட்டுக்கு டோலக்கோடு வந்து நின்றார்கள். பாட்டை நான் சொல்லச் சொல்ல அவர்கள் பிடித்துக்கொண்டார்கள். கடைசி அடிக்கு சர்வீஸைச் சொல்ல வாயெடுத்தபோது அக்கா என் கையைப் பிடித்தாள். அவள் கானாவைப் பற்றி அதுவரைக்கும் ஒரு வார்த்தை பேசினதில்லை. “அந்தப் பேரச் சொல்லாதடா தம்பி. அதுங்கூட நாங்க குடும்பம் நடத்துனது போதும். போற எடத்துக்காவது அது இல்லாம போவட்டும்” என்றாள். அதை விட்டால் பொய் என்று சொன்னவர் படுத்துக் கிடக்கிறார், வேண்டாம் என்கிறவள் என் கையை விடவில்லை. நான் உயிரோடிருக்கிறவள் பக்கம் போனேன். பாட்டு லாரியிலிருந்து நேராகச் சுடுகாட்டுக்குப் போய்விட்டது. கேட்டவர்கள் யாருக்கும் குறை தெரியவில்லை. எனக்கு மட்டும் இன்றைக்கும் அந்த இடம் பள்ளமாகவே இருக்கிறது.

போன வாரம் திருவொற்றியூர் ரோட்டில் ஷேர் ஆட்டோவில் வந்துகொண்டிருந்தேன். முன்னால் தண்ணீர் கேன் ஏற்றிய வண்டி நின்றது. பின்பக்கம் நீலப் பெயின்டில் ஓயாசிஸ் என்று எழுதியிருந்தது. பாலைவனத்தில் தண்ணீர் கிடைக்கிற இடம். டயாலிசிஸ், ஓயாசிஸ். என் வாய் தானாகச் சொல்லிப் பார்த்தது. சிறுநீரகம் போனவருக்குத் தண்ணீர் அளந்துதான் தர வேண்டும். அக்கா ஒரு சின்ன டம்ளரில் அளந்து கொடுப்பாள், அவர் அதைக் குடிக்காமல் வாயில் வைத்துக்கொண்டே இருப்பார். தண்ணீருக்கு ஏங்கி ஏங்கியே போன மனுஷன். இந்த அடியைக் கேட்டிருந்தால் வேற பாரு என்று சொல்லியிருக்க மாட்டார். அக்காவிடம் போய்ச் சொல்லவும் முடியாது.

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்துவிட்டது. பக்கத்தில் மீன் கூடையோடு உட்கார்ந்திருந்த அம்மா, “இன்னாப்பா, எதுனா தொலச்சிட்டியா?” என்று கேட்டார்.

“இல்லம்மா, கெடச்சிடுச்சு” என்றேன்.