ஒரே குழாயில் ஓடிய இரண்டு ஒயர்கள்

ஆரணியில் எலக்ட்ரானிக் ஜக்கார்டு பழுது பார்க்கிறவனுக்கு முதலில் வேண்டியது பொறுமை. டெஸ்டர் எல்லாம் அப்புறம்தான். தறிக்கு மேலே உட்கார்ந்துகொண்டு, டிசைனுக்கு ஏற்றபடி நீளவாக்கில் ஓடும் பாவு இழைகளைத் தூக்கிவிடும் பெட்டிதான் ஜக்கார்டு. அதை வாங்கி மாட்டுகிற முதலாளி மறுநாள் காலையிலேயே என்ஜினியர் ஆகிவிடுவார்.

நான் சொல்லும் முதலாளிக்கு சேவூர் பக்கம் நான்கு தறிகள். புது ஷெட் கட்டித் தரைக்கு டைல்ஸ் போட்டிருந்தார். ஜக்கார்டு மாட்டப் போன அன்று அவர் கவலைப்பட்டது ஒன்றே ஒன்றுக்குத்தான்.

"ஒயரு எதுவும் கண்ல படக்கூடாதுங்க. சம்பந்தி வூட்டுக்காரங்க வராங்க."

பெட்டிக்குப் போகும் சிக்னல் கேபிளையும், பக்கத்து அறையில் நூல் சுற்றும் மோட்டாருக்குப் போகும் கரண்ட் லைனையும் சேர்த்து ஓட்டக் கூடாது. மோட்டார் ஓடும்போது கிளம்பும் மின் இரைச்சல் சிக்னலுக்குள் புகுந்து, பெட்டி தப்பான இழையைத் தூக்கிவிடும் என்று சொன்னேன். "ரெண்டு குழா போட்டா அசிங்கமா இருக்கும்" என்றார். அதற்கு மேல் நானும் வாதாடவில்லை. ஒரு குழாய் என்றால் எனக்கும் பாதி வேலை மிச்சம். இரண்டையும் ஒரே வெள்ளைக் குழாயில் திணித்து நேராக ஓட்டினேன். அவர் குழாயைத் தடவிப் பார்த்து மகிழ்ந்தார். எர்த் ஒயர் மண்ணுக்குள் போகாமல் சுவரில் அடித்த ஒரு ஆணியோடு முடிந்திருந்ததைப் பற்றி அவருக்கு எந்தக் கவலையும் இல்லை.

இரண்டு மாதம் கழித்து போன் வந்தது. சேலை பார்டரில் வரிசையாக வரும் அன்னங்களில் நடுநடுவே சிலவற்றுக்கு மூக்கு இல்லையாம். போனேன். தறியில் இருந்தது நாற்பது வயதுப் பெண், இருபது வருடமாக நெய்கிறவர். முதலாளியே தறியில் உட்கார்ந்து நாலு விரற்கடை நெய்து காட்டினார். எல்லா அன்னத்துக்கும் மூக்கு இருந்தது.

"பாத்தீங்களா? மிசின் நல்லாதான் கீது. இவங்க கைதான் சரியில்ல" என்றார்.

"பக்கத்து ரூம்ல தார் சுத்துற மோட்டாரு ஓடசொல்லதான் சார் தப்பு வுழுது" என்றார் அந்த அம்மா.

"அது அங்க ஓடிகினு கீது, தறி இங்க கீது. சொம்மா இரும்மா. இன்னொரு சேலையில தப்பு வுழுந்தா தறிய வுட்டு எறங்கிடு."

நானும் "மிஷின் ஓகே" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். என் குழாய் தப்பித்ததே என்ற நிம்மதியில் மூளை வேலை செய்வதை நிறுத்திவிட்டது. திரும்பும் வழியில் கண்ணமங்கலம் தாண்டுவதற்குள் மறந்தும் விட்டேன்.

அடுத்த வாரம் அதே ஷெட்டில் வேறு தறிக்காகப் போனபோது முதலாளி இன்னும் வந்திருக்கவில்லை. பக்கத்து அறையில் அந்த அம்மாவின் கணவர் மோட்டார் போட்டு, தறியில் குறுக்கே ஓடும் நாடாவுக்குள் வைக்கும் தார்களில் பட்டு சுற்றிக்கொண்டிருந்தார். என் கண்ணெதிரிலேயே ஒரு அன்னம் மூக்கில்லாமல் விழுந்தது. அந்த அம்மா விரலால் சுட்டிக் காட்டினார். அப்போது வாசலில் முதலாளியின் புல்லட் வந்து நின்றது. உடனே கணவர் மோட்டாரை நிறுத்திவிட்டு எழுந்து நின்றார். முதலாளி பேசுவது காதில் விழ வேண்டுமே. அதற்கடுத்த அன்னம் முழுசாக வந்தது.

இந்த மரியாதைதான் விஷயம். அந்த மனிதர் நுழைந்தாலே தப்பும் எழுந்து நின்றுவிடும். அவர் தன் வாழ்நாளில் அதைப் பார்க்கப்போவதே இல்லை.

அன்றைக்கே சிக்னல் கேபிளைப் பிரித்து, ஒரு அடி தள்ளி, கண்ணில் படாத பக்கமாகத் தனிக் குழாயில் போட்டேன். லைனைத் தாண்டும் இடத்தில் குறுக்காகத் தாண்டவிட்டேன். மேலே உலோக வலை சுற்றிய கேபிள் மாற்றி, வலையை ஒரு முனையில் மட்டும் எர்த்தோடு சேர்த்தேன். எர்த்துக்கே தோட்டத்தில் குழி வெட்ட வைத்தேன். முதலாளி கேட்டதற்கு "சும்மா சர்வீஸ்தாங்க" என்றேன். மோட்டாரை முழு வேகத்தில் ஓட விட்டுப் பார்த்தோம். ஒரு தப்புக்கூட இல்லை.

"நீங்க சொன்னதுதாம்மா சரி" என்றேன் அந்த அம்மாவிடம்.

"அத மொதலாளியாண்ட சொல்லுங்க சார். போற எடமெல்லாம் என் கை போச்சுன்னு சொல்லிகினு கீறாரு. நாளைக்கு எவரு தறி குடுப்பாரு?"

"கண்டிப்பா சொல்றேன்."

பத்து நாள் கழித்துப் போனபோது சம்பந்தி வீட்டுக்காரர்கள் ஷெட்டைச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முதலாளி பார்டரை விரித்துக் காட்டினார். "நடுவுல ஒரே தப்பா நெய்ஞ்சிகினு இருந்தாங்க. ரெண்டு அதட்டு போட்டேன், கை தானா திருந்திடுச்சு. இன்னா சார், நீங்களே சொல்லுங்க."

அந்த அம்மா தறியை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். சொன்னால் அந்த ஒற்றைக் குழாயைப் போட்டது யார் என்ற கேள்வியும் வரும். என் கையில் டீ இருந்தது.

"டீ நல்லா இருக்குங்க" என்றேன்.