பகலில் இறங்கும் கிணறு

வெட்டிய மரங்களில் ஐந்தாவதன் கட்டைக்கு வரும்போது அம்மாவின் மடி நிறைந்துவிடுகிறது. முறித்த தளிரை அவர் நிலத்தில் போடுவதில்லை. மடியில் சேர்த்து, அடுப்படிக்குக் கொண்டுபோய், வெயிலில் பரப்பி வாட்டி, எரித்துவிடுகிறார். கீழே கிடந்தால் வேர் விட்டுவிடும் என்பது அவர் எண்ணம். யூக்கலிப்டஸ் தளிர் அப்படி வேர் விடாது என்று சொல்லிப் பார்த்தேன்.

“விடாதெண்டு உன்ட புத்தகத்தில இரிக்கும் மகள். அத மரம் வாசிச்சிரிக்காது.”

கத்தி கொண்டுபோவதில்லை. கத்தியால் வெட்டினால் மிஞ்சிய முனையிலிருந்து இரண்டாகக் கிளைக்கும். பெருவிரலைத் தளிரின் அடியில் கொடுத்து, பட்டையும் ஒரு கீற்று உரிந்து வரும்படி கீழ்நோக்கி இழுக்கிறார். விரல் கறுத்து வெடித்திருக்கிறது. தைல வாசம் அவர் பிசையும் மாவிலும் ஏறிவிட்டது. “தடிமன், மூக்கடைப்புப் பிடிச்ச ஆக்கள் என்ட கைப் பிட்டுல ரெண்டு வாய் திண்டாப் போதும்” என்று அவரே சிரிக்கிறார்.

கட்டைகள் எட்டு. ஏழுக்குப் பெயர் உண்டு. எல்லாம் அவர் எப்போதோ சண்டை கொழுவிய ஆட்களின் பெயர்கள்: விதானையார், சங்கக்கடை மனேச்சர், துறைக்காரன், பெரிய மச்சாள். “விதானையாருக்கு இண்டைக்கு நாலு தலை முளைச்சிரிக்கு” என்பார். “சங்கக்கடை இண்டைக்கும் பூட்டு” என்றால் அந்தக் கட்டையில் தளிர் இல்லை என்று பொருள். எட்டாவதற்குப் பெயர் இல்லை. அது அப்பா முதலில் வைத்த மரம். அங்கே பேசாமல் முறிக்கிறார். வேலையில் மட்டும் குறை வைப்பதில்லை.

அம்மாவின் பெயர் சீதேவிப்பிள்ளை. ஐம்பத்தெட்டு வயது. சேலைக்கு மேலே அப்பாவின் நீளக்கைச் சட்டையைப் போட்டுக்கொண்டு வீட்டு வளவுக்குள் திரிகிறார். பொத்தான் பூட்டுவதில்லை, கை இரண்டையும் முழங்கை வரைக்கும் மடித்துவிடுவார். வாவிக்கு மேற்கே இருக்கும் எங்கள் படுவான்கரைக்குப் பற்றரி கொண்டுவர இராணுவம் விடுவதில்லை என்பதால், தீர்ந்த பற்றரிகளைக் கூரைத் தகரத்தில் காயவைத்து ரேடியோவை நாலு நிமிடம் பேச வைப்பார். அந்த நாலு நிமிடத்தில் செய்தி கேட்பதில்லை. பாட்டுத்தான். “செய்தி நமக்கு நேர வருதுதானே” என்பது அவர் நியாயம்.

அப்பா செத்துப்போனது சென்ற மாரியில். வாவித் துறையில் தோணிக்குக் காத்து நின்றபோது ஷெல் விழுந்தது. முப்பத்தோராம் நாள் சடங்குக்கு வந்த நான் வேலைக்குத் திரும்பிப் போகவில்லை. மரங்கள் எவ்வளவு நீரை எடுக்கின்றன, நீர் குறைந்தால் என்ன செய்கின்றன என்பதுதான் நான் படித்ததும் பார்த்த வேலையும்.

எங்கள் வளவு பள்ளம். முன்பெல்லாம் மாரியில் வாவி ஏறினால் முற்றத்தில் முழங்கால் அளவு வெள்ளம் நிற்கும். வாழைச்சேனைக் காகித ஆலையில் வேலை செய்த அப்பா, லீவில் வந்த ஒரு நாள் சாக்குக்குள் சுற்றி எட்டுக் கன்றுகள் கொண்டுவந்தார். “எட்டுப் பேர் நிண்டு குடிச்சா எவ்வளவு வெள்ளம் நிக்கப் போகுது?” என்றார். அவர் சொன்னது சரி. சில மாரிகளுக்குப் பிறகு முற்றம் காய்ந்தது. அம்மா அங்கே மிளகாய் வைத்தார்.

தொண்ணூறில் சண்டையில் ஊர் கலைந்தது. எல்லோரும் வாவிக்கு அந்தப் பக்கம் எழுவான்கரைப் பள்ளிக்கூடம் ஒன்றில் அகதிகளாக இருந்தோம். மூன்று வருடத்துக்குப் பின் ஐந்து குடும்பங்கள் மட்டும் திரும்பின. வீடுகளில் கூரை இல்லை. கிணறுகளில் நான்கு தூர்ந்து கிடந்தன. உள்ளே என்ன போட்டிருக்கிறார்கள் என்று தெரியாததால் யாரும் இறங்கவில்லை. எங்கள் கிணறு மட்டும் தப்பியிருந்தது. பக்கத்தில் எட்டு மரங்களும் தென்னைக்கு மேலே வளர்ந்து நின்றன. நிழலைக் கண்ட சந்தோஷத்தில் எல்லோரும் அவற்றின் கீழேதான் முதல் உலையை வைத்தார்கள்.

இந்தச் சித்திரையில் கிணறு இறங்கத் தொடங்கியது. விடியற்காலையில் வாளி அமிழத் தண்ணீர் இருக்கும். பின்னேரம் வாளி அடியில் உரசும். அதற்கு ஆட்கள் சொன்ன காரணம், யாரோ நடுப்பகலில் களவாக அள்ளுகிறார்கள் என்பது. எல்லோரும் வட்டைக்குள் வயல் வேலைக்குப் போகும் நேரம் அது. ஒருவரை ஒருவர் பார்க்கும் பார்வை மாறியது. பக்கத்து வளவுக் கோணாமலை, அம்மாவுக்கு மச்சான் முறை. பகிடிக்கும் சண்டைக்கும் உரிமை உள்ளவர். அவர் நேராகவே கேட்டார்.

“மச்சாள், கிணறு உங்கட வளவுக்க. நாங்க வட்டைக்குப் போனாப் புறகு மிளகாய்க்கு ஊத்துறீங்களோ?”

“ஓம் மச்சான். ஊத்தி ஊத்தி மிளகா காச்சுத் தொங்குது. கண்ணுல ரெண்டு தேச்சு விடட்டா?”

பகிடியாகச் சொன்னாலும் அன்று அம்மா சாப்பிடவில்லை. கோணாமலை அகதி முகாமுக்குத் திரும்பும் கதையை அந்தக் கிழமைதான் முதலில் எடுத்தார். அங்கே பவுசர் லொறியில் தண்ணீர் வரும். அம்மாவுக்குப் பயம் அதுதான். “ஒரு வீடு வெளிக்கிட்டா மத்த வீடும் வெளிக்கிடும். மறுகா ஊரெண்டு சொல்ல நானும் இந்தக் கூரைத் தகரமும்தான். ஆளில்லாத இடத்தை ஆரும் ஒருத்தன் எடுத்துருவான்.”

ஒரு நாள் முழுக்க யாரும் அள்ளக் கூடாது என்று ஐந்து வீட்டாரையும் சம்மதிக்க வைத்தேன். கோணாமலையின் மனைவி புஸ்பம் பாயைப் போட்டுக் கிணற்றடியில் காவல் இருந்தார். விடியும்போது நின்ற நீர்மட்டத்தில், கிணற்றுச் சீமெந்து வளையத்தில் கரியால் கோடு போட்டேன். யாரும் அள்ளாமலே பொழுதுபடும்போது தண்ணீர் கோட்டுக்குச் சாண் கீழே போயிருந்தது. மறுநாள் விடியும்போது அதில் பெரும்பகுதி ஏறியிருந்தது.

புஸ்பம் நெஞ்சில் கை வைத்தார். “அக்கா, இது பேய்க் குடி.”

பேயில்லை என்று விளக்கினேன். இலையில் கண்ணுக்குத் தெரியாத வாய்கள் இருக்கின்றன. இலைவாய் என்பது அதன் பெயர். வெளிச்சத்தில் திறக்கும், இருட்டில் மூடும். திறந்திருக்கும் நேரமெல்லாம் தண்ணீர் ஆவியாகப் போகும். போகப் போக வேர் இழுக்கும். கோடையில் மற்ற மரங்கள் தங்களைச் சுருக்கிக்கொள்கின்றன. தேக்கு இலையை முழுக்க உதிர்க்கும். வேம்பு நடுப்பகலில் இலைவாயை ஒடுக்கும். யூக்கலிப்டஸும் இலையைச் செங்குத்தாகத் தொங்கவிட்டு வெயிலை விலக்கும். ஆனால் வேர் தண்ணீரைத் தொட்டுக்கொண்டிருக்கும் வரையில் அது குடிப்பதை நிறுத்தாது.

அம்மா கடைசி வரைக்கும் கேட்டார். பிறகு சேலையைக் கொடுக்குக் கட்டிக்கொண்டு கிணற்றுக்குள் இறங்கினார். உள்ளே இருந்து குரல் வந்தது.

“உங்கப்பாட மரம் இஞ்ச தாடி வளத்திரிக்கு புள்ள.”

வளையங்களின் இடுக்கு வழியாகச் செந்நிற வேர்கள் கற்றை கற்றையாகத் தண்ணீருக்குள் தொங்கின. மேலே ஏறி வந்தவர் முகத்தைத் துடைத்தார். எட்டு மரங்களையும் ஒவ்வொன்றாக அண்ணாந்து பார்த்தார்.

“அப்ப கள்ளன் நம்மட வளவுக்குள்ளதான் நிக்கிறான்.”

எட்டையும் வெட்டுவது என்று அம்மா முடிவு செய்தார். நான் இரண்டை விடலாம் என்றேன். தூரத்தில் நிற்கும் இரண்டு மரங்களால் வரும் நட்டம் குறைவு என்று கணக்கும் சொன்னேன். கணக்கு பிழையில்லை. அம்மா என் முகத்தைப் பார்த்தார். “உனக்குக் கணக்கு இல்ல மகள், அப்பாட நினைவு. எனக்கும் இரிக்குதான். ஆனா அவர் இதுகள வச்சது வீட்டுல ஆக்கள் இரிக்க. ஆக்கள விரட்ட இல்ல.”

வைகாசியில் வெட்டினோம். மரம் அறுக்கும் வாளின் ஒரு பிடி அம்மா, மறு பிடி நான். வாள் உள்ளே போகப் போக வெட்டுவாய் ஈரமாகித் தைலம் மணத்தது. ஒரு மரம் விழுந்ததும் அம்மா இளைப்பாற விடவில்லை. தண்டை அங்கேயே முழ நீளத் துண்டுகளாக அறுக்கச் சொன்னார். முழுத் தண்டாகக் கிடந்தால் பங்கருக்கு மரக்குத்தி வேண்டும் என்று இராணுவம், இயக்கம் இரண்டில் ஒரு பக்கம் கேட்கும். கொடுத்தால் மற்றப் பக்கம் ஏன் கொடுத்தாய் என்று கேட்கும். “அடுப்புக்குள்ள போற அளவுக்கு அறு மகள். கண்டவன் கண்ணுக்கு விறகாத்தான் தெரியோணும்.” இரண்டு பக்கத்தாரும் வந்து பார்த்தார்கள். விறகுக் குவியலைக் கண்டு போய்விட்டார்கள். அம்மா ஐந்து வீட்டுக்கும் அதைப் பிரித்துக் கொடுத்தார்.

அதோடு முடியவில்லை. மூன்று கிழமையில் கட்டைகளைச் சுற்றிச் சிவந்த தளிர்கள் வெடித்தன. யூக்கலிப்டஸ் அப்படித்தான். தலையை இழந்தால் பட்டைக்கு அடியில் உறங்கும் அரும்புகளை எழுப்பும். அடிக்கட்டையிலும் வேரிலும் சேர்த்து வைத்த மாப்பொருளைச் செலவழித்து இலை விடும். இலை விரிந்துவிட்டால் பழைய வேர் முழுவதும் மறுபடி அதற்குத்தான். விரிய விடாமல் முறித்தால் சேமிப்புக் கரையும். எப்போது தீரும் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ஒரு வருடம் ஆகலாம், கூடவும் ஆகலாம்.

“நான் எங்க போகப் போறன்?” என்றார் அம்மா.

கோணாமலை வேறு வழி சொன்னார். “என்னத்துக்கு மச்சாள் இந்தப் பாடு? கட்டையில துளை போட்டு உப்பக் கொட்டுங்க. ஒரு கிழமையில சரி.”

“கொட்டலாம். மழை வந்தா அந்த உப்பு எங்க போகும்? உங்கட வாய்க்கா? கிணத்துக்குத்தானே மச்சான்.”

அவர் சிரித்துக்கொண்டே போனார். ஆனால் முகாமுக்குப் போகும் எண்ணம் அவரை விடவில்லை. மரத்தை வெட்டினால் தண்ணீர் வரும் என்பதை அவர் நம்பவில்லை. மரம் நின்றால்தான் நிலம் குளிரும், மழை வரும் என்பது அவர் கட்சி. ஆனி முழுக்க மழை இல்லாததும் அவருக்குச் சாதகமாகப் போயிற்று. மற்ற மூன்று வீட்டாரும் அவர் என்ன செய்கிறார் என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சென்ற கிழமை ஒரு பின்னேரம் கோணாமலை வண்டியைப் பூட்டினார். பாய், பானை, கோழிக்கூடு, புஸ்பத்தின் தையல் மெசின் எல்லாம் ஏறியாயிற்று. துறை மூடுவதற்கு முன் போக வேண்டும். வண்டி எங்கள் கிணற்றடிக்கு வந்தபோது அம்மா நடுவழியில் நின்றார்.

“மச்சாள், குறுக்க நிக்காதீங்க. ரெண்டு பேருக்கும் மனவருத்தம் வேணாம்.”

“நான் எங்க குறுக்க நிண்டன்? மாட்டுக்குத் தண்ணி காட்டித்துப் போங்க. அதுகளும்தானே அகதியாப் போகுதுகள்.”

“இந்த நேரத்தில கிணத்துல என்ன இரிக்கப் போகுது? சேறுதான்.”

அம்மா கயிற்றை எடுத்தார். வாளியை விட்டார். அது உரசவில்லை. கயிறு ஒரு முறை தளர்ந்து, பிறகு இறுகியது. வந்த தண்ணீரை வலது பக்கத்து மாட்டின் முன் வைத்தார். அது முகத்தைத் தூக்காமல் குடித்தது. இரண்டாவது வாளி மற்ற மாட்டுக்கு. மூன்றாவதை இழுத்தபோது புஸ்பம் வண்டியிலிருந்து இறங்கி வந்து கிணற்றைக் குனிந்து பார்த்தார். நன்றாகப் பார்த்தார்.

“இஞ்ச வாங்களன். பின்னேரம் இது. தண்ணி நிக்குது.”

கோணாமலை வரவில்லை. வண்டியின் ஏர்க்காலைப் பிடித்துக்கொண்டு நின்றார். “ஒரு நாள் நிக்கும். நாளைக்கு?” என்றார், யாரையும் பார்க்காமல்.

“நாளைக்கு நீங்க வந்து பாருங்க” என்றார் அம்மா.

வாளியைக் கவிழ்த்து வைத்தார். ஈரக் கையைச் சட்டையில் துடைத்தார். யாரிடமும் கேட்கவில்லை. நுகத்தடியருகே போய் வலது மாட்டின் பூட்டாங்கயிற்றை அவிழ்த்து, சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு, அடுத்த மாட்டின் பக்கம் நடந்தார்.