சர்வேயர் சாப்பிட்ட மூன்று வாய்

சர்வேயர் ராமாமிர்தம் காலமாகிவிட்டார் என்று திருவிடைமருதூரிலிருந்து செல்வம் போனில் சொன்னபோது நான் நம்பவில்லை.

"எவன் சொன்னான்?"

"அவங்க மருமகனே சொன்னாருங்க."

"நீ நேர்ல பாத்தியா?"

"வாசல்ல பந்தல் போடுறாங்க. நான் அதுக்குக் கீழதான் நிக்கிறேன்."

அதற்குப் பிறகும் கொஞ்சம் சந்தேகம் மிச்சமிருந்தது. காரணம் வெட்கக்கேடானது. மூன்று வருடத்துக்கு முன் இதே மனிதரை, நோயின் பெயர் உட்பட, என் வாயாலேயே ஒருமுறை சாகடித்திருக்கிறேன். அன்று நான் கிளப்பிவிட்ட வதந்திதான் ஊர் சுற்றிவிட்டு என்னிடமே திரும்பி வருகிறதோ என்று நினைத்தேன்.

அவரை அறிந்த உங்களுக்கு அவர் உடம்பைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. அவர் ஏறி உட்கார்ந்தால் மொபெட் ஒருமுறை முனகிவிட்டுத்தான் கிளம்பும். சாப்பாடும் அதற்கு ஏற்றபடி. ஆனால் அந்தச் சாப்பாட்டில் ஒரு நியாயம் இருந்தது. அவர் வேலைக்குச் சேர்ந்த காலத்தில், அளக்க வருகிற அதிகாரி நிலக்காரர்களின் வடக்குத் தெருவில் சாப்பிடுவார். அந்த நிலத்தில் உழைத்தவர்களின் தெற்குத் தெருவுக்கு முடிவை மட்டும் சொல்லி அனுப்புவார். ராமாமிர்தம் முதலில் தெற்குத் தெருவில் உட்கார்ந்தார். பிறகு வடக்கு. இரண்டிலும் முழு இலை. அப்புறம்தான் நிலம் அளக்கும் சங்கிலியைத் தொடுவார். "ரெண்டு வீட்டு உப்பும் சமமா உள்ள போயிட்டா கோடு நேரா விழும்யா" என்பார். ஆட்சி மாறும், வேட்டியின் கரை மாறும், வரப்புச் சண்டை மட்டும் மாறாது என்கிற நம் பகுதியில், அவர் போட்ட கோட்டை இரண்டு தெருவும் ஏற்றுக்கொண்டது அந்த இலைகளை நம்பித்தான். ஓய்வு பெற்ற பிறகும் அவரைத்தான் கூப்பிட்டார்கள்.

அப்படிப்பட்டவர் இரண்டு மாதம் காணாமல் போனார். அவர் மனைவியைக் கேட்டால், "மக வீட்டுக்குப் போயிருக்காங்க" என்று சொல்லிக் கதவைச் சாத்தினார். திரும்பி வந்தவரின் சட்டைக்குள் இன்னொருவர் தாராளமாக நுழையலாம். டீக்கடையில் உடனே விசாரணைக் கமிஷன் கூடியது. மனிதர் ஒரு டீயைக் குழந்தைக்குப் பாலாடையில் புகட்டுவதுபோல் அரை மணி நேரம் குடித்தார். ஒரே ஒரு இட்லியை எண்ணி எண்ணி மென்றார். சோடா என்றால் பாம்பைக் கண்டதுபோல் விலகினார். சட்டைப்பையிலிருந்து மாத்திரை எடுத்து, யாரும் பார்க்கவில்லையே என்று பார்த்துவிட்டு விழுங்கினார். பார்த்தது நாங்கள் ஐந்து பேர். சர்க்கரை வியாதி என்றார் ஒருவர். ரகசியக் குடி, அதை நிறுத்தத்தான் மாத்திரை என்றார் இன்னொருவர். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, "யார்கிட்டயும் சொல்லாதீங்க, வயித்துல கட்டி" என்றேன். ஆதாரம், என் குரலில் இருந்த துக்கம் மட்டுமே. சாயங்காலத்துக்குள் செய்தி திருப்பனந்தாள் போய்ச் சேர்ந்தது. வழியில் யாரோ ஆறு மாதக் கெடுவும் சேர்த்திருந்தார்கள்.

அந்தச் சமயத்தில்தான் தெற்குத் தெரு அஞ்சம்மாளின் வரப்புத் தகராறு முற்றியது. அஞ்சம்மாளின் மாமியார், வடக்குத் தெரு கோவிந்தராஜ் வீட்டு வயலில் நடவு நட்டவர். அதே வயலில் மூன்று மா நிலத்தை அஞ்சம்மாளும் மகன் காளிதாஸும் பின்னாளில் விலைக்கு வாங்கினார்கள். அதற்குப் பிறகு நடுவிலிருந்த வரப்புக்குக் கால் முளைத்து, வருடத்துக்கு ஒரு சாண் அஞ்சம்மாள் பக்கம் நகர்ந்தது. மழையில் கரைந்தது என்றார் கோவிந்தராஜ். மண்வெட்டி ஓங்கி, காவல் நிலையம் வரை போயாயிற்று. காவிரித் தண்ணீர் வாய்க்காலுக்கு வந்துவிட்டது, சம்பா நாற்று தயார். நடவுக்கு முன்னால் கோடு விழாவிட்டால் யார் தலையாவது உடையும். இரு தரப்பும் ஒப்புக்கொண்ட ஒரே பெயர் ராமாமிர்தம். சாட்சிக்கு என்று சொல்லிக்கொண்டு நானும் போனேன். சாப்பாட்டுக்கு என்று படிக்கவும்.

அஞ்சம்மாள் விரால் மீன் குழம்பு வைத்திருந்தார். ராமாமிர்தம் அண்ணன் மூன்று வாய் சாப்பிட்டார். ஒவ்வொரு வாயையும் அப்படி மென்றார். தண்ணீரைத் தொடவில்லை. இலையை மடித்துவிட்டார்.

"என்னங்க, எங்க வீட்டுச் சாப்பாடு எறங்கலைங்களா?"

"பிரமாதம்மா. வயிறு நெறஞ்சிடுச்சு."

"மூணு வாய்லயா?"

அடுத்து வடக்குத் தெரு. அங்கேயும் மூன்று வாய், தண்ணீர் இல்லை. "தெற்குத் தெருவுல நல்லா ஒரு பிடி பிடிச்சிட்டு வந்துட்டீங்க போல" என்றார் கோவிந்தராஜ், பல் தெரியாமல் சிரித்து. நாங்கள் வயலுக்குப் போனபோது காளிதாஸ் மண்வெட்டியோடு வரப்பில் நின்றான். "வடக்குத் தெருவுல முன்னாடியே கை நனைச்சிட்டீங்கன்னு தெரியுதுங்க. எங்க எலைதான் கசக்குது. நீங்க அளக்க வேண்டாம்." அஞ்சம்மாள் மகனைத் தடுக்கவில்லை. முப்பது வருடத்தில் முதல் முறையாக அண்ணனிடம் ஒருவர் அளக்காதே என்று சொன்னார். அவர் சங்கிலியைத் திரும்பச் சுருட்ட ஆரம்பித்தார்.

இந்த இடத்தில்தான் நான் உதவி செய்தேன்.

எல்லோரையும் அஞ்சம்மாள் வீட்டுக்கே திருப்பிக் கூட்டிப்போனேன். பெரிய டம்ளர் நிறைய ஜவ்வரிசிப் பாயசம் வாங்கி அண்ணன் கையில் கொடுத்தேன். "ஒரே மடக்குல குடிங்கண்ணே. மானம் போகுது." அவர் என்னைப் பார்த்த பார்வையை அன்று நன்றி என்று எடுத்துக்கொண்டேன். குடித்தார். கால் மணி நேரத்தில் சட்டை நனைய வேர்த்தது. கை நடுங்கியது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு பெஞ்சில் சாய்ந்தார்.

வாசலில் நின்றிருந்த கோவிந்தராஜ் கத்தினார். "என்னத்தடா கலந்து குடுத்தீங்க?"

"நாக்க அடக்குங்க!" என்று காளிதாஸ் மண்வெட்டியைத் தூக்கினான்.

ஒருவர் சோடா வாங்க ஓடினார். இன்னொருவர் அண்ணன் வாயில் தண்ணீர் ஊற்றப் போனார். அண்ணன் ஒரு கையால் வாயைப் பொத்திக்கொண்டு மறு கையால் பனியனைத் தூக்கினார். வயிற்றில் ஐந்து சின்னத் தழும்புகள்.

"யாரும் எதுவும் கலக்கல. மொதல்ல அந்த மண்வெட்டியக் கீழ போடு. எளைக்கிறதுக்கு ஆபரேஷன் பண்ணியிருக்கேன். வயித்த ஆழாக்கு அளவுக்குச் சுருக்கிட்டாங்க. குடல்லயும் வாய்க்கால மாத்தி விட்ருக்காங்க. இனிப்புத் தண்ணி மொத்தமா உள்ள பாஞ்சா இப்படித்தான் ஆளச் சாச்சிடும். படுத்திருந்தா அடங்கும்னு டாக்டர் சொல்லியிருக்காரு. சோடா வேண்டாம். தண்ணியும் இப்ப வேண்டாம்."

காளிதாஸ் மண்வெட்டியைக் கீழே போட்டான். அஞ்சம்மாள்தான் கேட்டார். "இத மொதல்லயே சொல்றதுக்கு என்னங்க?"

படுத்தபடியே அண்ணன் விரலை நீட்டினார். என்னை நோக்கி. "இவன் எழுதிடுவாம்மா. கத்தி வச்சு எளைச்ச கதைன்னு ஊரே சிரிக்கும். நான் உயிரோட இருக்கிற வரைக்கும் எழுத மாட்டேன்னு சத்தியம் வாங்குங்க. அப்பறம் அளக்கிறேன்."

இரண்டு தெரு சாட்சியாக சத்தியம் செய்தேன். எந்தப் பத்திரிகை ஆசிரியரும் என்னிடம் அவ்வளவு கடுமையாக நடந்துகொண்டதில்லை.

ஒரு மணி நேரம் கழித்து அவர் எழுந்து உட்கார்ந்ததும் அஞ்சம்மாள் எல்லாவற்றையும் கேட்டுத் தெரிந்துகொண்டார். முதலில் மீன், முட்டை, கடைந்த பருப்பு, இடமிருந்தால்தான் சோறு. சின்ன வாய், கூழாகும்வரை மெல்லணும். போதும் என்று நெஞ்சு சொன்னதும் கையை எடுத்துவிடணும்; அதற்கு மேல் ஒரு வாய் போனாலும் வாந்திதான். சத்து மாத்திரை ஆயுசுக்கும். சாப்பாட்டுக்கு அரை மணி முன்னும் பின்னும் தண்ணீர் கிடையாது. "நட்ட அன்னிக்கே மடைய முழுசாத் தெறப்பியா? அது மாதிரிதான்" என்றார் அண்ணன். "அதுக்காக குடிக்காமயும் இருக்கக் கூடாது. நாள் பூரா கொஞ்சங் கொஞ்சமா விட்டுக்கிட்டே இருக்கணும்."

அஞ்சம்மாள் யோசித்தார். "அப்ப எங்க வீட்லயும் மூணு வாய், அவங்க வீட்லயும் மூணு வாய். சமமாத்தானே இருக்கு? டேய், சங்கிலியப் புடிடா."

காளிதாஸ் பிடித்தான். அண்ணன் இரண்டு முறை அளந்தார். ஒன்றரை அடி அஞ்சம்மாளுடையது. "மூணு வாய் மீனுக்கு ஒண்ணரை அடியா?" என்ற கோவிந்தராஜ், அரசாங்க சர்வேயரையும் வரவழைத்து அளந்து பார்த்தார். எல்லைக்கல் அதே இடத்தில்தான் விழுந்தது. வரப்பு பின்வாங்கியது. நடவு நடந்தது.

அதற்குப் பிறகு கல்யாணப் பந்திகளில் என் பக்கத்து இலையில் அவர் உட்கார்ந்ததே இல்லை. என் கை எட்டாத தூரம் பார்த்துத்தான் உட்காருவார்.

இப்போது போனது மாரடைப்பில். "ஆபரேஷன்தான் ஆளத் தின்னுடுச்சு" என்று பந்தலுக்குள்ளேயே ஒருவர் ஆரம்பித்தார். ஆபரேஷன் செய்யாவிட்டால் முன்னாலேயே போயிருப்பார் என்றார், டாக்டரான மருமகன். அவரைத் தனியே அழைத்து அந்தப் பாயசத்தைப் பற்றிக் கேட்டேன். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்றார். கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு தடவை கேட்டேன். அதே பதில். மூன்றாவது தடவை கேட்க அவர் முகம் இடம் கொடுக்கவில்லை.

மாலையோடு வந்த அஞ்சம்மாள் என் பக்கம் வந்து நின்றார். "இப்ப எழுதுவீங்கள்ல?"

"எழுதுறேம்மா."

"எங்க வீட்டுல மூணு வாய்தான்னு எழுதுங்க. நாலுன்னு கோவிந்தராஜ் இன்னமும் சொல்லிக்கிட்டுத் திரியுறாரு."

மூன்றுதான். நான் எண்ணினேன். சந்தேகத்தோடுதான் எண்ணினேன், ஆனால் சரியாக எண்ணினேன்.

அவரிடமிருந்து எனக்கென்று நான் எடுத்துக்கொண்டது, பெஞ்சில் படுத்தபடி என்னை நோக்கி நீண்ட அந்த விரல். இப்போதெல்லாம் யாராவது பாதி இலையில் எழுந்தால் இன்னொரு கரண்டி போடச் சொல்வதில்லை. திடீரென்று இளைத்தவரைப் பார்க்கும்போது ஒரு நோயின் பெயர் நாக்கு நுனிவரை வரத்தான் செய்கிறது. அதை நிதானமாக மென்று, கூழாக்கி, நானே விழுங்கிவிடுகிறேன்.