மெம்பர் பச்சையப்பன் தூக்கிய கை

வடக்குத் தெரு பச்சையப்பன் ஆரணி ஊர்ச் சபைக்கு மெம்பரானது 1889-இல். அதற்கு முன் அந்தச் சபையில் தறிக்காரன் எவனும் உட்கார்ந்ததில்லை. தாது வருஷப் பஞ்சத்தில் தாயையும் இரண்டு தம்பிகளையும் மண்ணுக்குக் கொடுத்துவிட்டு, ஒற்றைத் தறியோடு மிஞ்சிய மனிதர். தெருக் கிணற்றைத் தூர் வாரச் சொல்லிக் தாலுகா கச்சேரிக்கு நடையாய் நடந்து பெயர் வாங்கியவர். நாற்காலி கிடைத்த அன்று தெருவே கூடி அவருக்குத் துண்டு போர்த்தியது. அப்புறம் கொஞ்ச நாள் மிதப்பாகத்தான் நடந்தார், பொய் சொல்வானேன்.

நாலு வருஷம் கழித்து ஒரு கூட்டத்தில் சபைத் தலைவர் ஒரு தீர்மானம் வாசித்தார். வண்டி போக இடைஞ்சலாகத் தெருவில் கட்டும் கயிறு, நடும் கம்பு எல்லாவற்றையும் அகற்ற வேண்டுமாம். மாடு கட்டுகிற முளையும், கல்யாணம் முடிந்தும் பிடுங்காத பந்தல் காலும் பச்சையப்பன் கண்ணில் வந்து நின்றன. நல்ல காரியம்தானே என்று கை தூக்கினார். தலைவரையும் சேர்த்து ஐந்து மெம்பரில் மூன்று கை. தீர்மானம் நிறைவேறியது.

தறியில் ஏற்றுகிற நெடுக்கு நூலான பாவு அவர் நினைவுக்கே வரவில்லை. விடிந்ததும் பட்டு நூலைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கம்பில் கட்டி, கஞ்சி தடவி, காய்வதற்குள் இழை இழையாகப் பிரிக்க வேண்டும். வீட்டுக்குள் நடக்கிற வேலையா அது? பாவு கிடந்தால் மாப்பிள்ளை ஊர்வலம்கூட நின்றுதான் போகும். வடக்குத் தெருவில் பிறந்தவனுக்குத் தெரு இருப்பதே பாவுக்காக. அது இடைஞ்சல் என்று அவன் எப்படி நினைப்பான்? சமையலறைக்கு அடுப்பு இடைஞ்சல் என்று யாராவது சொல்வார்களா?

தலைவர் சொல்வார். அவருடைய புதுக் குதிரைவண்டி ஒருநாள் பாவுக்காக அரை மணி நேரம் நின்றிருந்தது.

வியாழக்கிழமை தண்டோரா போட்டார்கள். திங்கள் முதல் தெருவில் பாவு இழுத்தால் சேவகர்கள் கம்பைப் பிடுங்குவார்கள். எதிர்வீட்டுச் சின்னம்மாள் வாசலில் வந்து நின்று கத்தினாள்.

"எங்க கழுத்த அறுக்கவா உன்ன அனுப்பனோம்? நீயும் கை தூக்கினியாமே!"

பச்சையப்பனுக்கு அன்று சோறு இறங்கவில்லை. இன்னொரு மெம்பரான பாதிரியார் பள்ளிக்கூட வாத்தியார் பிலவேந்திரனைத் தேடி ஓடினார். அவர் அந்தத் தீர்மானத்துக்குக் கை தூக்காதவர்.

"நீங்களே தூக்கவும், தெருக்காரங்க ஒத்துக்கினாங்கன்னு நெனைச்சிட்டேங்க," என்றார் வாத்தியார். "சனிக்கிழமை கூட்டத்துல கேளுங்க. சபை விதிப்படி, கை தூக்கினவர்தான் மறுபடி அதப் பேச முடியும்."

சனிக்கிழமை கூட்டத்தில் பச்சையப்பன் எழுந்தார்.

"ஐயா, அன்னிக்கு எனக்குப் புரியலீங்க. பாவையும் சேத்துச் சொல்றீங்கன்னு தெரிஞ்சிருந்தா கை தூக்கியிருக்க மாட்டேங்க."

தலைவர் சிரித்தார். "புரியாமத் தூக்கின கை செல்லாதுதான். ஆனா புரியாதவர் மெம்பரா இருக்கவும் லாயக்கில்ல. ரெண்டையும் ஒரே தாள்ல எழுதிக் கையெழுத்துப் போடும். இப்பவே உம்ம கையைக் கழிச்சிடறேன்."

கிடைத்த நாற்காலியை எவன் விடுவான் என்கிற தைரியம் அவருக்கு. இரண்டு மெம்பர்கள் கூடச் சிரித்தார்கள். பச்சையப்பன் நாற்காலியைப் பார்த்தார். இவர் போனால் இங்கே தறிக்காரனுக்காக வாய் திறக்க ஆள் கிடையாது. இருந்தால், திங்கட்கிழமை தெருவில் கம்பு கிடையாது.

"வாணாங்க, யோசிச்சுக்கினு..." என்று பிலவேந்திரன் பாதி எழுந்தார்.

"மைக்கூடு எங்கங்க?" என்றார் பச்சையப்பன்.

தலைவரின் சிரிப்பு நின்றது. நாலு பேர் காதில் விழுந்துவிட்ட பேச்சு, இனி விழுங்க முடியாது. பச்சையப்பன் எழுதினார்: தீர்மானம் விளங்காமல் கை தூக்கினேன். அடுத்த வரிக்குப் பேனா நகரவில்லை. முன்னே இருந்த தாள் மங்கலாகத் தெரிய, அதையும் எழுதினார்: மெம்பராக இருக்க லாயக்கில்லாதவன்.

இரண்டுக்கு இரண்டு. பாதிக்கு மேல் கை இல்லாமல் தீர்மானம் விழுந்தது; விழுந்ததை மறுபடி கொண்டுவரச் சபை விதியில் இடமில்லை.

தாளில் என்ன எழுதினார் என்பதை வெளியே சொல்லக் கூடாதென்று வாத்தியாரிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார். தீர்மானத்தை விழவைத்துவிட்டு, உடம்பு முடியாமல் நாற்காலியை விட்டுவிட்டதாகத் தெருவில் சொன்னார். அந்த நாற்காலியில் தலைவரின் மைத்துனர் வந்து உட்கார்ந்தார்.

திங்கட்கிழமை வடக்குத் தெரு முழுக்கப் பாவு. தலைவரின் வண்டி வந்தது, நின்றது. சின்னம்மாள் கஞ்சிக் கையோடு நிமிர்ந்தாள்.

"நம்ம மெம்பர் இருக்கச்சே எவன் நம்ம கம்பப் புடுங்குவான்!"

பச்சையப்பன் குனிந்து இழையைப் பிரித்துக்கொண்டிருந்தார். அதன்பின் ஆறு வருஷம், சாகும்வரை, தெரு அவரை மெம்பர் என்றே கூப்பிட்டது. கூப்பிட்ட போதெல்லாம் திரும்பிப் பார்த்தார். நான் மெம்பர் இல்லை என்று ஒரு தடவைகூடச் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை.