நபுகீரா மண்டியிட்ட நேர்காணல்

நபுகீராவை யாராவது ஊமை என்று சொன்னால் எனக்குக் கோபம் வரும். அவளோடு ஒரு முறை சண்டை போட்டுப் பாருங்கள், பிறகு சொல்லுங்கள். நான் கம்பாலாவில் சைகை மொழிபெயர்த்துப் பிழைக்கிறவள். பேசுகிறவர்களின் பேச்சைக் கைக்கு மாற்றுவேன், காது கேளாதவர்களின் கைப்பேச்சை வாய்க்கு மாற்றுவேன். நீதிமன்றம், பிரசவ வார்டு, கல்யாண வீடு என்று எத்தனையோ பேருக்குக் குரலாக நின்றிருக்கிறேன். நபுகீராவுக்கு நிற்கும் நாட்களில் மட்டும் எனக்குத் தொண்டை கட்டிக்கொள்ளும். அவ்வளவு பேசுவாள்.

சின்ன வயதில் வந்த மூளைக்காய்ச்சலில் அவளுக்குக் காது போனது. மசாக்காவில் அண்ணன் வீட்டில் வளர்ந்தாள். அந்த வீட்டில் ஒருவருக்கும் சைகை தெரியாது. தட்டைக் காட்டினால் சாப்பிடு, விளக்குமாற்றைக் காட்டினால் பெருக்கு, அவ்வளவுதான் உறவு. காது கேளாதோர் விடுதிப் பள்ளிக்குப் போன பிறகுதான் தனக்கும் பேச்சு உண்டு என்று தெரிந்ததாம். கல்யாணம் ஆனபோது, பேசாத பெண்டாட்டி வாய்த்தவன் கொடுத்துவைத்தவன் என்று மாப்பிள்ளையைக் கூட்டாளிகள் கேலி செய்தார்கள். உண்மை என்னவென்று அவனுக்குச் சீக்கிரமே தெரிந்துவிட்டது. இப்போது ஜூபாவில் லாரி ஓட்டுகிறான். மகள் சூபியோடு பேச எப்போதாவது போன் செய்வான்.

நபுகீரா ஒரு ஓட்டலில் துணி வெளுக்கும் அறையில் வேலை பார்த்தாள். "இந்த மெஷின் இரைச்சல் இவளை ஒண்ணும் பண்ணாது" என்று சொல்லித்தான் மேலாளர் சேர்த்துக்கொண்டார். இரைச்சல் ஒன்றும் பண்ணவில்லை, அலுப்புதான் கொன்றது. அப்போது பெண்களுக்கென்று இணையத்தில் ஒரு படிப்பு வந்தது. ஒரு செயலியை ஊருக்குத் தருவதற்கு முன்பு அது எங்கே சிக்குகிறது, எங்கே தப்புப் பண்ணுகிறது என்று நோண்டிப் பார்க்கும் வேலைக்கான படிப்பு. குறை கண்டுபிடிப்பதற்குச் சம்பளமா என்று கேட்டுவிட்டு அன்றைக்கே பெயர் கொடுத்தாள். அவளுக்கு மொழிபெயர்க்க என்னை அமர்த்தினார்கள்.

முதல் வகுப்பிலேயே வாத்தியார் அன்பாகச் சொன்னார்: "எல்லாரும் வீடியோவை அணைச்சிடுங்க, டேட்டா மிச்சமாகும்." எங்கள் ஊரில் இதைவிடப் பெரிய கரிசனம் கிடையாது. டேட்டாவை அன்றாடம் உப்பு வாங்குவது போலக் கொஞ்சம் கொஞ்சமாக வாங்குகிறவர்கள் நாங்கள். எல்லாரும் நன்றி சொல்லி அணைத்தார்கள். வாத்தியார் என் படத்தையும் சேர்த்து அணைத்தார். அதோடு நபுகீராவுக்கு வகுப்பு முடிந்தது. அவள் உடனே எழுதி அனுப்பினாள்: "சார், நீங்க மிச்சம் பிடிச்சது என் காதை." பாவம், மனிதர் பதறிப்போய் மன்னிப்புக் கேட்டார். அன்றிலிருந்து என் படம் மட்டும் அணையவே இல்லை.

வகுப்பு சாயங்காலம்தான், அடுப்பு எரியும் நேரத்தில். மற்ற பெண்கள் குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு, பாத்திரத்தைக் கிளறிக்கொண்டே பாடம் கேட்டார்கள். நபுகீராவால் அப்படி முடியாது. அடுப்பைப் பார்த்தால் பாடம் போகும், பாடத்தைப் பார்த்தால் மட்டோக்கே வாழைக்காய் அடிப்பிடிக்கும். அவள் பாடத்தைப் பார்த்தாள். சூபி பல நாள் தீய்ந்த வாழைக்காயைத்தான் தின்றது, முகம் சுளித்துக்கொண்டு.

வகுப்புக்காக வேலை நேரத்தை மாற்றிக் கேட்டதில் ஓட்டலில் வேறு ஆளைப் போட்டுவிட்டார்கள். படிப்பு முடிந்து மருத்துவமனைகளுக்குச் செயலி செய்யும் ஒரு நிறுவனத்திலிருந்து நேர்காணலுக்கு அழைப்பு வந்தபோது, அவள் கையில் அதைத் தவிர வேறொன்றும் இல்லை. வேலை கிடைக்காவிட்டால் அறையைக் காலி செய்துவிட்டு மசாக்காவுக்குப் போக வேண்டும்.

"அங்க போனா மறுபடி தட்டு, விளக்குமாறுன்னு ரெண்டே வார்த்தைதான் அக்கா" என்றாள். "சூபி வேற பாத்துக்கிட்டு இருப்பா."

நேர்காணலும் இணையத்தில்தான். அவள் தன் அறையில், நான் என் வீட்டில். கைகள் நன்றாகத் தெரிய வேண்டும் என்று மேஜைமேல் ஒரு சோடாப் பெட்டியைக் கவிழ்த்து, அதன்மேல் மடிக்கணினியை வைத்திருந்தாள். ஆள் எடுக்கும் அதிகாரி வம்புய், நைரோபிப் பெண். சோதனைப் பிரிவுத் தலைவன் செம்பிஜ்ஜா, இளவட்டம், டேட்டாக் கணக்குப் பார்த்து முகத்தை அணைத்து வைத்திருந்தான். கேள்விகள் நன்றாகவே போயின. முன்னதாக அவளுக்கு அனுப்பிவைத்த சோதனையை ஒழுங்காகச் செய்திருக்கிறாள் என்று அவனே சொன்னான்.

அப்போது புதிதாக ஒரு முகம் வந்தது. நரைத்த தலை, கோட்டு. நிறுவனத்தின் சொந்தக்காரர் லுத்தாயா, சும்மா எட்டிப் பார்க்க வந்தாராம். நபுகீரா கண் விரியப் பார்த்தாள். அடுத்த நொடி நாற்காலியில் அவள் இல்லை.

"லைன் கட்டாயிடுச்சா?" என்றாள் வம்புய்.

"லைன் இருக்கு, ஆள்தான் இல்ல. பயந்து ஓடிட்டாங்க போல" என்றான் செம்பிஜ்ஜா.

"ஓடல. மண்டி போட்டிருக்காங்க. பெரியவருக்கு வணக்கம் சொல்றாங்க" என்றேன்.

எங்கள் பகாண்டா இனத்து வீடுகளில் பெண் பிள்ளை நடக்கப் பழகும்போதே மண்டியிடவும் பழகிவிடுவாள். பெரியவர் முன்னால் மண்டியிட்டு, தலையைக் குனிந்து, அவர் பதில் சொல்லும்வரை அப்படியே இருக்க வேண்டும். லுத்தாயாவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. "நல்ல வளர்ப்பு. எழுந்திரு மகளே. வீட்ல எல்லாரும் சுகமா? உங்க பக்கம் மழை உண்டா?" என்று நிறுத்தி நிதானமாக ஆரம்பித்தார். ஆரம்பிக்கும்போதே, பழக்கதோஷம், தன் முகத்தையும் அணைத்துவிட்டார்.

நான் எல்லாவற்றையும் கையால் சொன்னேன், காலி நாற்காலிக்கு. அவளோ மேஜைக்குக் கீழே தரையைப் பார்த்துக்கொண்டு அவருடைய பதிலுக்குக் காத்திருக்கிறாள். பதில் என் கையில் இருக்கிறது, என் கை அவளுக்குத் தெரியவில்லை. மழையைப் பற்றிக் கேட்டவருக்கும் ஒன்றும் வரவில்லை.

"எனக்கு அடுத்த மீட்டிங் இருக்கு. இதோட முடிச்சுக்கலாமா?" என்றாள் வம்புய், மரியாதையாகத்தான்.

நபுகீராவின் கைபேசிக்கு விடாமல் அழைத்தேன். அது மேஜைமேல் அதிர்ந்து அதிர்ந்து நகர்ந்து தொப்பென்று கீழே விழுந்தது. அவள் முன்னால்தான் விழுந்திருக்க வேண்டும். மெல்ல ஒரு நெற்றி மேலே வந்தது, பிறகு கண்கள், பிறகு முழு ஆள்.

நடந்ததைச் சொன்னேன்.

"அவ்ளோ நேரமா பேசினாரா?"

"மழை வரைக்கும் வந்துட்டார்."

"முகம் எங்க?"

"அணைச்சிட்டார்."

அவள் கைகள் நின்றன. நான் அதை அதிகம் பார்த்ததில்லை. பிறகு நிதானமாக ஆரம்பித்தாள். என் தொழிலில் அவள் சொல்வதை அவளாகவே சொல்ல வேண்டும். கொஞ்சம் சர்க்கரை கலக்க நாக்கு துடித்தது, கலக்கவில்லை.

"ஐயா, நான் மண்டி போட்டப்ப உங்களுக்கு என் கை தெரியல. நீங்க பதில் சொன்னப்ப எனக்கு உங்க முகம் தெரியல. நீங்க என் வீட்டுக்கு வந்தா கண்டிப்பா மண்டி போடுவேன். வேலை செய்யிற இடத்துல என்னை நாற்காலியிலயே விட்டுடுங்க. எனக்கு வாய் இதுதான்." இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டினாள்.

வேலை போயிற்று என்று நினைத்தேன். மசாக்காவுக்கு மூட்டை கட்ட என்னை எப்போது உதவிக்குக் கூப்பிடுவாள் என்றுகூட மனசு ஓடியது.

பிறகு லுத்தாயாவின் முகம் திரும்ப வந்தது. காரின் பின்சீட்டில், கைபேசியைக் கையில் பிடித்தபடி இருந்தார்.

"சரிம்மா. நாற்காலியில உக்காந்துக்கிட்டே வணக்கம் எப்படிச் சொல்றது?"

அவள் செய்து காட்டினாள். அதற்கு இரண்டு கையும் வேண்டும். அவர் ஒரு கையால் தடுமாறிவிட்டுக் கைபேசியைச் சீட்டில் வைத்தார். எங்களுக்குக் காரின் கூரை மட்டும் தெரிந்தது, "இதோ செய்யிறேன்" என்று குரல் வந்தது.

"செய்யிறாராம்" என்றேன்.

"ஆளையே காணோமே" என்றாள் நபுகீரா. மடியில் கையை வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

வம்புய்க்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "பெரியவரே, நான் என்னன்னு எழுதிக்கட்டும்?"

"என்னைக்குச் சேர்றாங்கன்னு கேட்டு எழுதிக்கோ" என்றது கூரை.

நான் அதைக் கையால் சொன்னேன். அவள் குதிக்கவில்லை. "திங்கட்கிழமையே சேர்றேன். ஆனா கம்பெனிக் கூட்டத்துல எல்லாரும் முகத்தைத் திறந்து வைப்பாங்களான்னு கேளு அக்கா. இல்லன்னா நான் சேந்தும் பிரயோஜனமில்ல" என்றாள். கேட்டேன். டேட்டாவைக் கம்பெனியே வாங்கித் தரட்டும் என்று வம்புய் கூரையைப் பார்த்துச் சொன்னாள். கூரையிலிருந்து மறுப்பு வரவில்லை.

முதலில் திறந்தவன் செம்பிஜ்ஜா. பனியனோடு இருந்தான், வாயில் முட்டை சுருட்டிய சப்பாத்தி பாதி தொங்கியது. அப்படியே எண்ணெய்க் கைகளைத் தூக்கி, அவள் காட்டிய வணக்கத்தைச் செய்தான்.

நபுகீரா அவனைப் பார்த்தாள். பிறகு முகத்தைக் கைகளில் புதைத்துக்கொண்டு அழுதாள்.

"என்ன சொல்றாங்க?" என்று கேட்டாள் வம்புய். இரண்டு கைகளும் முகத்தில் இருந்தன, மொழிபெயர்க்க ஒன்றும் இல்லை.