ஏழு குரலும் வந்தாக வேண்டும்

கனமான இயந்திரங்களை இடம் மாற்றும் கூட்டத்தில் ஓர் இடம். அந்தக் கூட்டத்துக்கு முன்னால் நின்று குரல் கொடுக்கும் பொறுப்பு. கடைசியில் மேஸ்திரி வேலை. பெண்பிள்ளைக்கு இதெல்லாம் சரிப்படாது என்றவர்களிடமிருந்தே மூன்றையும் வாங்கியவள் தங்கை. யாரிடம் சொன்னாலும் அண்ணன் இந்த வரிசையை மாற்றமாட்டார்.

அண்ணனும் அதே கூட்டத்தில் கடப்பாரை பிடிப்பவர். பழைய குரல்காரருக்குத் தொண்டை கட்டிப்போனதும், ஒரு வாரம் பார்க்கலாம் என்று தங்கையை நிறுத்தினார்கள். அவள் "தூக்கலாமா?" என்று இழுப்பாள். ஏழு ஆண்களும் "தூக்கு, ஐலசா!" என்பார்கள். நடுவில் சூப்பர்வைசரின் தொப்பையையும் பாட்டில் சேர்த்துவிடுவாள். சிரிப்பில் பாதி பாரம் இறங்கிவிடும்.

வாரத்தின் கடைசி நாள் ஓர் அச்சகத்தில் வேலை. நண்பகலுக்குள் இயந்திரம் உள்ளே போகாவிட்டால் அவள் வீட்டோடு இருக்கலாம் என்று சூப்பர்வைசர் சொல்லியிருந்தார். ஆறு கடப்பாரைகளின் நெம்பலில் இயந்திரம் நாலு விரல் எழும்பியது. ஏழாவது ஆள் அடியில் உருளைக் குழாயைச் செருகினார். அவருக்குப் பட்டப்பெயர் கொசு. குரல் அவ்வளவு மெலிசு.

"இறக்கலாமா?"

"இறக்கு, ஐலசா!"

அவள் இறக்கச் சொல்லிக் கையைக் காட்டவில்லை. மறுபடி கேட்டாள். மறுபடி பதில் வந்தது.

"பிடிச்சே நில்லுங்க! ஒரு குரல் குறையுது."

"என்னம்மா, இங்க கச்சேரியா நடக்குது? இறக்கச் சொல்லு!" என்றார் சூப்பர்வைசர்.

"ஏழும் வராம சொல்லமாட்டேன் சார்."

அண்ணன் மனசுக்குள் தங்கையைத் திட்டினார், பிடியை விடவில்லை. அவள் குனிந்து பார்த்தாள். கொசுவின் சட்டைக் கை குழாய் முனையில் மாட்டி, மணிக்கட்டு இயந்திரத்தின் அடியில் கிடந்தது. பயத்தில் வாய் அசைந்ததே தவிரச் சத்தம் வரவில்லை. சட்டையைக் கிழித்துக் கையை வெளியே இழுத்தாள்.

"இறக்கலாமா?"

இந்த முறை கொசுதான் முதலில் கத்தினார்.

"அவன் கத்தினாலே யாருக்கும் கேக்காது. எப்படிம்மா கண்டுபிடிச்சே?" என்று சாப்பிடும்போது அண்ணன் கேட்டார்.

"பாட்டுக்காகவா பதில் கேக்குறேன்? எல்லார் கையும் வெளிய இருக்கான்னுதாண்ணே. நீ ரெண்டு பேருக்குச் சேத்துக் கத்துறத நிறுத்தினா இன்னும் நல்லாக் கேக்கும்."

அவள் சொல்லாமல் இனி எதையும் இறக்கமாட்டோம் என்று ஏழு பேரும் சூப்பர்வைசரிடம் போய்ச் சொன்னார்கள். அடுத்த வருடம் அவளே மேஸ்திரி. மேஸ்திரி கைநாட்டு வைத்தால் செல்லாது என்றது ஆபீஸ். இயந்திரம் வந்த மரப்பெட்டிகளின் மேல் சாக்பீஸால் தன் பெயரை எழுதி எழுதிப் பழகினாள். வருகைப் பதிவேட்டில் அவள் முதன்முதலாகக் கையெழுத்துப் போட்டது 1987 மார்ச் 14, சனிக்கிழமை.