நூற்றுப் பன்னிரண்டு ‘மிக நன்று’

கலை நிர்வாகம் என்று ஒரு முதுகலைப் படிப்பு இருப்பது ஆரம்பாக்கத்தில் என்னைத் தவிர யாருக்கும் தெரியாது. எனக்கே சேர்ந்த பிறகுதான் ஒழுங்காகத் தெரிந்தது. ஆடுகிறவர் ஆடுவார், பாடுகிறவர் பாடுவார். அவர்களுக்கு மேடை பிடிப்பது, அனுமதி வாங்குவது, ஆட்களை வரவழைப்பது, வந்தவர்கள் என்ன நினைத்தார்கள் என்று கேட்டு எழுதி வைப்பது, இதெல்லாம் எங்கள் பாடம். நாளைக்குக் கலைக்கூடங்களையும் நாடக அரங்கங்களையும் தலைமை ஏற்று நடத்தப் போகிறவர்கள் நீங்கள்தான் என்று சென்னையில் முதல் வகுப்பிலேயே சொல்லிவிட்டார்கள். அன்று மாலை கும்மிடிப்பூண்டி ரயிலில் உட்கார இடமில்லாமல் நின்றுகொண்டே தூங்கிய வருங்காலத் தலைவி நான்.

அப்பாவை நாங்கள் நைனா என்று கூப்பிடுவோம். ஆந்திர எல்லைக்குப் பக்கத்து ஊரில் அப்படித்தான். நைனா கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஓர் இரும்பு ஆலையில் கிரேன் ஓட்டுகிறார்.

“பொண்ணு இன்னா படிக்கிதுன்னு கேக்கறாங்க. இன்னா சொல்றது?” என்றார்.

“கலை நிர்வாகம்னு சொல்லு.”

“டான்ஸா?”

“டான்ஸ் ஆடறவங்களுக்கு எல்லாம் ஏற்பாடு பண்றது.”

“அப்ப காண்ட்ராக்டரு” என்றார் திருப்தியாக. நான் விட்டுவிட்டேன்.

கடைசிப் பருவத்தில் செயல்திட்டம். இதுவரை நவீனக் கலை எட்டிப் பார்க்காத ஓர் இடத்தில் ஆளுக்கொரு நிகழ்ச்சி நடத்த வேண்டும். பார்த்தவர்களிடம் கருத்துப் படிவம் வாங்கி வர வேண்டும். “கருத்துப் படிவம் இல்லாத நிகழ்ச்சி நடக்காத நிகழ்ச்சி” என்பார் எங்கள் பேராசிரியை. மற்றவர்கள் பூங்கா, கடற்கரை என்று அடக்கமாகச் சொன்னார்கள். எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே. எங்கள் நைனா வேலை செய்யும் இரும்பு ஆலையில் நவீன நடனம் நடத்துகிறேன் என்று எழுந்து நின்று சொன்னேன். வகுப்பே கை தட்டியது. சென்னையில் ஒரு சின்ன அருங்காட்சியகம் எனக்கு வேலை தருவதாகச் சொல்லியிருந்தது, தேர்ச்சி பெற்று அடுத்த மாதமே வந்து சேர்ந்தால். இதில் கோட்டை விட்டால் இன்னொரு வருஷம் படிக்க வேண்டும். அவர்கள் அதுவரை காத்திருக்க மாட்டார்கள். இதையெல்லாம் கை தட்டல் ஓய்ந்த பிறகுதான் யோசித்தேன்.

ஆலையின் மனிதவள அதிகாரி நல்ல மனிதர். “அடுத்த வாரம் பாதுகாப்பு வாரம். அதுல ஒரு புரோகிராமா சேர்த்துடலாம். கேன்டீன் ஹால எடுத்துக்கங்க. ஏ ஷிப்ட் ரெண்டு மணிக்கு முடியும். ரெண்டே காலுக்கு ஆரம்பிங்க. மூணு இருபதுக்கு ஷிப்ட் பஸ் போயிடும், அதுக்குள்ள முடிச்சிடணும்” என்றார். பெரிய மனுஷி மாதிரி தலையை ஆட்டினேன். பாதுகாப்பு வாரத்தில் நடனத்தைச் சேர்த்தால் பார்ப்பவர்கள் அதை என்னவென்று நினைப்பார்கள் என்று ஒரு நிமிஷம் யோசித்திருக்கலாம். பார்வையாளரை அறிதல் என்று ஒரு முழுப் பாடமே படித்திருந்தேன்.

நிகழ்ச்சி நாள். கேன்டீனில் தொண்ணூறு நாற்காலிகள் போட்டு, அத்தனையும் நிறைந்திருந்தன. எல்லோர் மடியிலும் ஹெல்மெட். சென்னையிலிருந்து ஒரு பெண்ணும் ஓர் ஆணும் ஆட வந்திருந்தார்கள். மூச்சைப் பற்றிய நடனம். முதல் பத்து நிமிஷம் அந்தப் பெண் ஒரே இடத்தில் நின்று மூச்சு விடுவாள், அவ்வளவுதான்.

முன்வரிசை அண்ணன் ஒருவர் என்னை மெல்ல அழைத்தார். “எப்பம்மா ஆரம்பிப்பாங்க?”

“ஆரம்பிச்சாச்சுண்ணா.”

“ஓகோ” என்று நிமிர்ந்து உட்கார்ந்தார். மரியாதை தெரிந்த மனிதர்.

அடுத்த முக்கால் மணி நேரம் இருவரும் சேர்ந்து ஆடிய பிறகு ஆண் தனியாக வந்தார். மூச்சுத் திணறுவது போல் ஆடி, தொண்டையைப் பிடித்துக்கொண்டு, தடாலென்று விழுந்தார். அப்படியே மூன்று நிமிஷம் அசையாமல் கிடக்க வேண்டும். நடனத்தின் உயிரே அந்த அசைவின்மைதான் என்று அவர் எனக்கு ஒரு மணி நேரம் விளக்கியிருந்தார்.

இருபது நொடிகூட ஆகவில்லை, விசில் சத்தம் கேட்டது.

பாதுகாப்பு வாரத்தில் சொல்லாமல் கொள்ளாமல் ஓர் ஒத்திகை வைப்பார்கள். யாராவது மயங்கி விழுந்தவர் போல நடிப்பார், முதலுதவிக் குழு எத்தனை நிமிஷத்தில் தூக்குகிறது என்று பார்ப்பார்கள். குழுவினர் அந்த வாரம் முழுக்க அதற்காகவே காத்திருந்தார்களாம். நான்கு பேர் ஸ்ட்ரெச்சரோடு மேடையில் ஏறினார்கள். “காத்து வுடுங்க, காத்து வுடுங்க!” என்று ஒருவர் கூட்டத்தை விலக்கினார். மேடையில் கூட்டமே இல்லை. இன்னொருவர் சட்டைப் பொத்தானைத் தளர்த்தப் போனார். நடனக்காரர் சட்டையே போடவில்லை. பொத்தான் தேடியவர் ஒரு கணம் திகைத்துவிட்டு, அவர் காலை உயர்த்திப் பிடித்துக்கொண்டார். அந்த நடனக்காரரைச் சொல்ல வேண்டும், கடைசி வரை கண்ணைத் திறக்கவில்லை. ஸ்ட்ரெச்சரில் அவர் முதலுதவி அறைக்குப் போக, அந்தப் பெண்ணும் சளைக்காமல் பின்னாலேயே ஆடிக்கொண்டு போனாள். “ஒன்னு நாப்பது!” என்று கடிகாரம் பிடித்தவர் கத்தினார். போன வருஷம் மூன்று நிமிஷமாம். ஹாலே எழுந்து நின்று கை தட்டியது.

நான் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வெளியே பஸ் ஹாரன் அடிக்க ஆரம்பித்துவிட்டது. கையில் படிவக் கட்டு. எல்லோரும் வாசலைப் பார்த்து ஓடுகிறார்கள். அப்போதுதான் நைனா வந்தார்.

“நீ போயி டான்ஸ்காரங்கள அனுப்பிவை. இந்தப் பேப்பர நான் பாத்துக்கறேன்.”

தெய்வம் மாதிரி வந்தாரே என்று கட்டைத் தூக்கி அவர் கையில் கொடுத்தேன்.

அன்று அவர் வீட்டுக்கு வரத் தாமதமானது. வந்ததும் படிவங்களைத் துணிப்பையில் போட்டு, “எல்லாம் கீது, ஒன்னுகூட வெத்தா இல்ல” என்று கொடுத்தார். மறுநாள் காலை பதினோரு மணிக்குக் கல்லூரியில் செயல்திட்டத்துக்கான வாய்மொழித் தேர்வு. ரயிலில்தான் பையைத் திறந்தேன்.

நைனாவின் கையெழுத்து அழகானது. ஆலையில் எந்தப் பயிற்சி நடந்தாலும் முடிவில் ஒரு படிவம் கொடுப்பார்கள். பஸ்ஸுக்கு நேரமாகிவிடும். ஆளாளுக்குப் பெயரைச் சொல்லி, கீழே கையெழுத்தை மட்டும் போட்டுவிட்டு ஓடுவார்கள். மற்றதையெல்லாம் ஒருவர் உட்கார்ந்து நிரப்புவார். பல வருஷ வழக்கம். அந்த ஒருவர் நைனா. இதை அவர் வீட்டில் பெருமையாகச் சொல்லி நானே பத்து முறை கேட்டிருக்கிறேன். கேட்டும் கொடுத்திருக்கிறேன்.

‘நிகழ்ச்சி எப்படி இருந்தது?’ மிக நன்று. ‘உங்கள் மனத்தைத் தொட்ட இடம் எது?’ மிக நன்று. ‘கலைஞர்களிடம் என்ன கேட்க விரும்புகிறீர்கள்?’ மிக நன்று. புரட்டப் புரட்ட அதே முத்து முத்தான எழுத்து. எண்ணினேன். நூற்றுப் பன்னிரண்டு. தொண்ணூறு நாற்காலிக்கு நூற்றுப் பன்னிரண்டு பேர். பார்க்க வராமல் வேலையில் இருந்த பி ஷிப்ட்காரர்களையும் நைனா விட்டுவைக்கவில்லை.

உடனே போன் போட்டேன், எடுக்கவில்லை. கிரேன் மேல் இருக்கும்போது போன் கூடாது. ரயில் பொன்னேரியில் நின்றபோது, பையைத் தொலைத்துவிட்டதாகச் சொல்லலாமா என்று நினைத்தேன். மீஞ்சூரில் நின்றபோது, மழையில் நனைந்துவிட்டதாக. வெளியே வெயில் மண்டையைப் பிளந்தது. தலைவியாகப் போகிறவள் நினைக்கிற நினைப்பா இது என்று எனக்கே கேவலமாக இருந்தது.

மேசைக்கு அந்தப் பக்கம் பேராசிரியையும், வெளியிலிருந்து வந்த தேர்வாளரும். அவர் நாடக அரங்கம் நடத்துகிறவர். நாலு தாள் புரட்டினார்.

“எல்லாம் ஒரே எழுத்து. நீங்களே எழுதினீங்களா?”

“இல்ல சார். எங்க அப்பா.”

பேராசிரியை கண்ணை மூடிக்கொண்டார். நான் ஷிப்ட், பஸ், பயிற்சிப் படிவம், ஸ்ட்ரெச்சர் எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னேன். ஸ்ட்ரெச்சரில் தேர்வாளர் சிரித்துவிட்டார். பேராசிரியை சிரிக்கவில்லை. “தொண்ணூறு பேர் பார்த்திருக்காங்க. ஒருத்தர் என்ன நினைச்சார்னுகூட உனக்குத் தெரியாது” என்றார். அது உண்மை.

தேர்வாளர் மட்டும் விடாமல் புரட்டிக்கொண்டிருந்தார். ஏறக்குறைய அடியில் ஒரு தாளை உருவி, “இது மட்டும் ஏன் ‘சுமார்’?” என்றார்.

எட்டிப் பார்த்தேன். பெயர் இருக்கும் இடத்தில் நைனாவின் பெயர். தேர்வாளர் உரக்கப் படித்தார்.

“நிகழ்ச்சி சுமார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. அந்தப் பெண் மூச்சு விட்டபோது கிரேன் மேல் தனியாக இருக்கும்போது என் மூச்சு எனக்கே கேட்பது ஞாபகம் வந்தது. அதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. விழுந்தவரைத் தூக்கியிருக்கக் கூடாது என்று நினைக்கிறேன், அவர் இன்னும் ஏதோ சொல்ல இருந்தார். என் மகள் இன்று மதியம் சாப்பிடவில்லை.”

பேராசிரியை அந்தத் தாளை வாங்கி இரண்டு முறை படித்தார். மற்ற கட்டை மேசையின் ஓரத்துக்குத் தள்ளினார். “நூற்றுப் பதினொன்னு செல்லாது. இது செல்லும். பார்வையாளர் கருத்து ஒன்று மட்டும்னு அறிக்கையைத் திருத்திக் கொண்டு வா” என்றார். எங்கள் வகுப்பிலேயே ஆகக் குறைந்த மதிப்பெண்ணில் தேர்ச்சி பெற்றேன்.

மாலையில் வீட்டுக்கு வந்தபோது நைனா டீ குடித்துக்கொண்டிருந்தார்.

“இன்னா, பாஸா?”

“பாஸ். உன் பேப்பர் ஒன்னுதான் செல்லுமாம். மத்ததெல்லாம் குப்பை.”

முகம் விழுந்துவிட்டது. “அத எழுதிக்கினு ஒக்காந்துதான் நேத்து பஸ்ஸயே வுட்டேன்” என்றார்.

எனக்குக் கோபம் பாதிதான் மிச்சம் இருந்தது. அதை வைத்துக்கொண்டே கேட்டேன். “ஊருக்கெல்லாம் மிக நன்று போட்டியே நைனா, உன்னோடதுல மட்டும் ஏன் சுமார்னு போட்ட?”

டீயைக் கீழே வைத்துவிட்டு, இது ஒரு கேள்வியா என்பது போல் பார்த்தார்.

“அவங்களுக்கு இன்னா தோணுச்சுன்னு எனக்கு எப்டிமா தெரியும்? தெரியலன்னா நல்லதாதான போடணும். எனக்கு இன்னா தோணுச்சுன்னு எனக்குத் தெரியுமே. தெரிஞ்சிக்கினு எப்டி பொய் எழுதறது, அதுவும் உன் பேப்பர்ல?”